குயிலுக்கு சுருதி போட்டது யார்?

பாலக்காட்டுச் சித்தூரில் இசை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இசையும் இயற்கையும் என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மயில் ஷட்ஜத்தில் அகவும், குயில் பஞ்சமத்தில் கூவும் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். நானும் அதையே எழுதிக் கொடுத்துவிடலாமா? இல்லை, உண்மையிலேயே ஏதாவது தொடர்பு இருக்கிறதா?"

இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது. ஆனால் முதலில் அந்தக் குயிலைக் கட்டுரையிலிருந்து பறக்க விட்டுவிடுங்கள்.

பஞ்சமம் என்பது தனியாக நிற்கிற சத்தம் இல்லை. 'ச' என்கிற ஷட்ஜம் நொடிக்கு 200 அதிர்வு என்றால் 'ப' என்கிற பஞ்சமம் 300. ஷட்ஜத்தை 240-க்கு ஏற்றினால் பஞ்சமம் 360-க்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 3:2 என்ற உறவுக்குத்தான் அந்தப் பெயர். தம்புரா இல்லாமல் மாமரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் குயில் எந்த ஷட்ஜத்துக்குப் பஞ்சமம் பாடுகிறது? போதாததற்கு, அது ஒரு சுரத்தில் நிற்பதும் கிடையாது. ஒவ்வொரு கூவலும் கீழேயிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த கூவல் அதைவிடக் கொஞ்சம் மேலே ஆரம்பிக்கும். ஏறி ஏறி, இனி முடியாது என்ற இடத்தில் பட்டென்று நின்றுவிடும். பங்குனி மாத விடியற்காலையில் ஐந்து நிமிடம் காது கொடுத்தாலே தெரிந்துவிடும். வடமொழி இசை நூல்கள் ஏழு சுரத்துக்கு ஏழு பிராணிகளைச் சொல்கின்றன. தமிழ் நிகண்டுகள் தரும் பட்டியல் வேறு. ஆளுக்கொரு பட்டியல் என்றால் யாரும் காட்டில் போய் அளந்து பார்த்து எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் பகலில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், சாயங்காலம் மிருதங்கம் வாசித்தவன். இந்த இரண்டு தொழிலும் சேர்ந்து எனக்குச் சொன்னது ஒன்றுதான்: ஒரு ஊர் இசை, அந்த ஊரில் சத்தம் எதிலிருந்து பிறக்கிறது, எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தது. மரம், தோல், ஈரம், காற்று. பாலக்காட்டுக்காரர்களுக்கு இதைப் பார்க்க ரொம்ப தூரம் போகவேண்டாம்.

ஒரு நாள் பெருவெம்புக்குப் போய்விட்டு வாருங்கள். மிருதங்கம், செண்டை, மத்தளம், இடக்கை, திமிலை எல்லாம் அங்கே வீட்டுத் திண்ணைகளில்தான் பிறக்கின்றன. கட்டை அநேகமாக எல்லாவற்றுக்கும் பலா. நம் புழக்கடையில் பழம் காய்க்கிற அதே பலாதான். தஞ்சாவூர் வீணையும் அதுதான், தவிலும் அதுதான். ஒரு மிருதங்கத்தில் மரம் போக மூன்று பிராணிகள் இருக்கின்றன: பசு, ஆடு, எருமை. முகத்துக்கு மூன்றின் தோலும் வேண்டும். இழுத்துக் கட்டுகிற வார் எருமைத்தோல். வலது முகமான வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருக்கிறதே, சோறு என்போம். அது பெயருக்கு ஏற்றபடி சோறேதான். குழைய வடித்த சோற்றோடு இரும்புக் கிட்டக்கல்லை இடித்துச் சலித்த பொடியைப் பிசைந்து, விரல் நுனியில் எடுத்து ஒரு பூச்சு. அது காயக் காய வழுவழுப்பான கல்லால் தேய்ப்பு. அப்புறம் அடுத்த பூச்சு, மறுபடி தேய்ப்பு. நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிந்தும் வரவேண்டும். மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடி, ஆனால் உதிராமல் நிற்கவேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் செய்கிறவர் விரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். மறுபடி தேய்ப்பார்.

அந்தச் சோறு என்ன செய்கிறது என்பதை 1920-ல் சி. வி. ராமன் எழுதினார். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அடிப்படை அதிர்வோடு கூட எழும் மேல் அதிர்வுகள் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஏறுமாறாக வரும். ஒன்றோடொன்று சேராது. அதனால்தான் சாதாரணக் கொட்டுக்குச் சுருதி இல்லை, சத்தம் மட்டும் உண்டு. நடுவில் இந்தக் கனத்தை ஏற்றியதும் அந்த மேல் அதிர்வுகள் 2, 3, 4 என்று முழு மடங்குகளுக்கு நகர்ந்து, தந்தி வாத்தியம் மாதிரிச் சேர்ந்து ஒலிக்கின்றன. இதை எந்தச் சமன்பாடும் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து கண்டுபிடித்தவர்கள் யார் என்று நமக்குப் பெயர் தெரியாது. அவர்களிடம் இருந்தது கல்லும் சோறும் காதும்.

இப்போது ஈரம். தோல் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடி மழையில், காலையில் சேர்த்து வைத்த மிருதங்கம் சாயங்காலம் கீழே போயிருக்கும். கல்லும் கட்டையும் வைத்துத் தட்டித் தட்டி ஏற்றவேண்டும். விருச்சிகம், அதாவது கார்த்திகை, பிறந்து கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து அந்த வறண்ட காற்று கிளம்பியதும் கதை தலைகீழ். தோல் முறுகிக்கொண்டு சுருதி மேலே ஏறும். இடது முகமான தொப்பியில் ஒட்டிய ரவை பல்லவி முடிவதற்குள் காய்ந்து உதிர ஆரம்பிக்கும். தண்ணீர் தொட்டுத் தொட்டுச் சமாளிக்கவேண்டியதுதான். பறை அடிக்கிறவர்கள் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கணக்குதான், தோலிலிருந்து ஈரத்தை விரட்டுவது. என் மிருதங்கம் ஒன்று இப்போது பெருவெம்பில்தான் கிடக்கிறது. சோறு புதிதாகப் போடக் கொடுத்தேன். செய்கிறவரைப் போனில் கேட்டால், "மழை மாறட்டும் மாஷே, பூச்சு உணங்க மாட்டேங்குது" என்கிறார். அவசரப்படுத்தி வாங்கினால் இரண்டே கச்சேரியில் சோறு பெயர்ந்துவிடும். எனக்கே ஒரு தடவை ஆகியிருக்கிறது, அதுவும் தனி ஆவர்த்தனத்தின் நடுவில்.

அந்தக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் விட்டுப்போயிருக்கிறது. அதுதான் நம் கணவாய். ஆடியில் மேற்கேயிருந்து, மார்கழியில் கிழக்கேயிருந்து, வருடத்துக்கு இரண்டு திசையில் காற்று இதில் புகுந்து போகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்ததும், அந்தப் பக்கம் உடுமலைப்பேட்டை முழுக்கக் காற்றாலையாக நிற்பதும் இதனால்தான்.

இந்தக் காற்றில்தான் சங்கீதம் இருக்கிறது, அதனால்தான் பாலக்காட்டில் இத்தனை வித்வான்கள் என்று மேடையில் சொல்வார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர், எம். டி. ராமநாதன், கே. வி. நாராயணசாமி, எலப்புள்ளியில் பிறந்த எம். எஸ். விஸ்வநாதன் என்று பட்டியலும் வாசிப்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அக்ரஹாரங்கள் இருந்தன, கோயில்கள் இருந்தன, பாடினால் சாப்பாடு போட ஆள் இருந்தது, சொல்லிக்கொடுக்க வாத்தியார் இருந்தார். 'காசியில் பாதி கல்பாத்தி' என்று சொல்கிற ஊரில் சங்கீதம் வளர்ந்ததற்குக் காற்றைக் காரணம் காட்டவேண்டாம். காற்று செய்கிற வேலை வேறு. அதைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறை ரோட்டில், சித்தூர் பகவதி கோயிலிலிருந்து நேர்கோட்டில் ஐந்து கிலோமீட்டர் இருக்கும். கும்ப மாதத்தில், அதாவது மாசியில், அங்கே கொங்கன்படைத் திருவிழா நடக்கும். கொங்கு நாட்டிலிருந்து வந்த படையைப் பகவதி துரத்தியடித்ததாக ஐதிகம். எங்கள் முன்னோர்கள் கொங்குநாட்டுக்காரர்கள். அதனால் வருடா வருடம் நாங்கள் தோற்றதைக் கொண்டாடப் புது வேட்டி கட்டிக்கொண்டு நாங்களே போகிறோம். சரி, அது இருக்கட்டும். பகலில் மேளம் நடக்கும்போது எங்கள் வாசலில் நின்றால் ஒன்றும் கேட்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே வாசலில் செண்டை காதுக்குள் விழும். கூட்டம் குறைந்து ஊர் அடங்கியது ஒரு காரணம். ஆனால் அது பாதிக் காரணம்தான்.

பகலில் தரை சுடும். தரையை ஒட்டிய காற்று சூடாகவும், மேலே போகப்போகக் குளிர்ந்தும் இருக்கும். சூடான காற்றில் சத்தம் வேகமாகப் போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். அதனால் சத்தத்தின் அடிப்பாகம் முந்திக்கொள்ள, மொத்த அலையும் மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். ராத்திரி தரை முதலில் குளிர்ந்துவிடும், மேலே உள்ள காற்று இன்னும் சூடாக இருக்கும். இப்போது அலை கீழ்நோக்கி வளையும். மேலே தொலைந்து போகவேண்டிய சத்தம் திரும்பித் தரைக்கு வரும். மாசி மாதம் மேகம் இல்லாத வறண்ட ராத்திரி, தரை நன்றாகக் குளிரும். அதனால் கொங்கன்படை கேட்கிற அளவுக்கு, மழைக்காலத்தில் நடக்கிற எதுவும் எங்களுக்குக் கேட்காது.

காற்றடிக்கும் திசையில் சத்தம் நன்றாகக் கேட்பதும் இப்படித்தான். காற்று சத்தத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறோம். நொடிக்கு 345 மீட்டர் ஓடுகிற சத்தத்துக்குப் பத்து மீட்டர் காற்று ஒரு பொருட்டே இல்லை. தரையில் மெதுவாகவும் மேலே வேகமாகவும் காற்று வீசுவதால், அது போகும் பக்கம் சத்தம் கீழே வளைகிறது, எதிர்ப்பக்கம் மேலே வளைகிறது. இந்தக் கணவாயில் இருப்பவர்களுக்கு ஆடியில் எந்த ஊர்க் கோயில் கேட்கும், மார்கழியில் எந்த ஊர்க் கோயில் கேட்கும் என்று பாட்டிமார்களுக்கே தெரியும். எங்கள் பாட்டி, "வேலந்தாவளம் மணி கேக்குது, காத்து திரும்பிருச்சு, வடகத்தை இனி மாடியில் போடலாம்" என்பார்.

ஐந்து கிலோமீட்டரிலிருந்து கேட்கிற மேளத்தில் எல்லா வாத்தியமும் இருக்காது. உச்ச சத்தங்களைக் காற்றே உறிஞ்சிவிடும், தாழ்ந்தவை மட்டும் தப்பி வரும். எங்கள் வாசலில் கேட்பது செண்டையின் தாழ்ந்த முகமான வலந்தலை மட்டும், தம்... தம்... என்று சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நெல் குத்துகிற மாதிரி. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பாதி வழியில் கொம்பு சேரும். இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் உச்சத்தில் பேசும் இடந்தலையின் உருட்டு ஒவ்வொன்றாகப் பிரியும். இலைத்தாளம் என்கிற ஜால்ரா கடைசியில்தான் வரும், கோயில் குளத்தைத் தாண்டும்போது. ஒரு பாட்டை யாரோ திரை திரையாக விலக்கிக் காட்டுவது போல இருக்கும். சின்ன வயதில் இந்தச் சைக்கிள் பயணம் எனக்கு மேளத்தைவிடப் பிடித்திருந்தது. கதினா வெடியின் வெளிச்சம் வானத்தில் தெரிந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். எங்கள் வாசலில் பதினான்கு, பதினைந்து எண்ணும்போது சத்தம் வரும். அப்படியானால் நாங்கள் கேட்கும் தாளமும் பதினான்கு நொடி பழையதுதான்.

'பதினெட்டு வாத்தியமும் செண்டைக்குக் கீழே' என்று மலையாளத்தில் பழமொழியே இருக்கிறது. வெளியில், மைதானத்தில், ஈரக் காற்றில், மரங்களுக்கு நடுவில் போய்ச் சேரவேண்டிய வாத்தியம் அப்படித்தான் இருக்கமுடியும். செண்டையை ஒரு சின்ன ஹாலுக்குள் வைத்து அடித்துவிட்டு இரைச்சல் என்று சொல்வது நியாயமில்லை. நாகஸ்வரமும் அதே ஜாதி, வீதி வாத்தியம். இந்த ஊர்க் கலைகளில் பாதி ராத்திரியில் நடப்பதற்கும் இந்தக் குளிர்ந்த தரை ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்து விடிய விடிய நடக்கும். புலவர்கள் திரைக்குப் பின்னால் கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே சொல்வார்கள், கேரளத்தில் இருந்துகொண்டு. திரைக்கு முன்னால் சில நாள் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். பகவதி கேட்டால் போதும் என்பார்கள்.

இந்த ராத்திரி வித்தையை மனிதர்கள் மட்டும் கண்டுபிடித்ததாக நினைக்கவேண்டாம். 1984-ல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது காதில் ஒன்றும் கேட்காமலேயே காற்று அதிர்வதை உணர்ந்தார். இளவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடும்போது பெரிய ஆர்கனின் அடிக்குழாய்கள் இதே மாதிரி உடம்பில் அதிர்ந்தது அவருக்கு நினைவு வந்தது. பதிவு செய்து பார்த்தால், 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை யானைகள் பேசிக்கொண்டிருக்கின்றன. நமக்கு 20-க்குக் கீழே கேட்காது. சங்கீத ஞானம் இல்லாத ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் தலைசுற்றல் என்று நினைத்து எழுந்து போயிருப்பார். பிறகு அவரும் கூட்டாளிகளும் நமீபியாவின் எட்டோஷா சமவெளியில் காற்றின் வெப்பநிலையை அளந்து கணக்குப் போட்டார்கள். சூரியன் சாய்ந்து தரை குளிர்ந்ததும் யானையின் குரல் எட்டும் தூரம் 10 கிலோமீட்டர் வரை நீள்கிறது. கொங்கன்படை எங்கள் வாசலுக்கு வருகிற அதே கணக்கு. வாளையாறு காட்டு யானைகளும் அந்தி நேரத்தில் இப்படித்தான் பேசிக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் காட்டுக்குள் ஓடுகிற ரயிலின் அதிர்வு அவற்றுக்கு என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தண்டவாளத்தில் எத்தனை யானைகள் போயின என்பது உங்களுக்கே தெரியும். அசாம் பக்கத்து ரயில்வேயில் ஒலிபெருக்கியில் தேனீ ரீங்காரம் போட்டு யானைகளைத் தண்டவாளத்திலிருந்து விலக்குகிறார்கள். யானைக்குத் தேனீ என்றால் பயம்.

மைக் வருவதற்கு முன்னால் மனிதக் குரலுக்கும் இந்தப் பாடுதான். நாடகப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா 1906-ல் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அவரும் நம்மைப் போல எல்லைக்காரர். நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்பதால் உச்ச சுருதியில் பாடினார். தொண்டை எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு டிக்கெட். அவர் 1933-ல், 27 வயதில் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர்கள் மைக்குக்கு முன்னால் நின்றார்கள், சுருதி மெல்ல மெல்ல இறங்கியது, குரலில் குழைவுக்கு இடம் வந்தது. இது நஷ்டமா லாபமா என்றால் இரண்டும்தான். பாலக்காடு மணி ஐயர் ஒரு காலகட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்கமாட்டேன் என்றே சொல்லியிருந்தார். மிருதங்கத்தின் நாதம் கட்டையிலிருந்து நேராகக் காதுக்கு வரவேண்டும் என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம்தான். ஆனால் எனக்கு ஹால் கொடுப்பவர்கள் ஒருவரும் அவர் பக்கம் இல்லை.

இனிமேல் காட்டுக்குப் போவோம். தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரே மூச்சில் சொல்கிறார். பறையும் யாழும் மரத்தோடும் பறவையோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என்று உரைகாரர்கள் பிரித்துச் சொன்னார்கள். உங்கள் கட்டுரைக்கு இது ஒன்றே போதும், குயில் வேண்டாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அகநானூற்றின் 82-ஆம் பாட்டு, கபிலருடையது. மலைச்சாரலில் ஒரு கச்சேரி நடக்கிறது. ஆடுகிற மூங்கிலில் வண்டு துளைத்த துளை வழியே கோடைக்காற்று புகுந்து குழல் ஊதுகிறது. அருவி முழவு. கலைமான் கூட்டத்தின் கடுங்குரல் தூம்பு என்கிற ஊதுகருவி. வண்டுகள் யாழ். மயில் விறலி மாதிரி ஆட, மந்திகள் வியந்துபோய்ப் பார்க்கின்றன. கோடை என்றால் இங்கே வெயில் காலம் இல்லை, மேல்காற்று. ஆடியில் நம் கணவாயில் புகுகிற அதே காற்று. கவனியுங்கள், கபிலர் எந்தப் பிராணிக்கும் சுரம் ஒதுக்கவில்லை. வாத்தியம் ஒதுக்குகிறார். குழலுக்கும் முழவுக்கும் யாழுக்கும் தூம்புக்கும் சத்தத்தின் இடம் வேறு வேறு. ஒன்றை ஒன்று மறைக்காமல் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும்.

இதையே இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் பெர்னி க்ராஸ் என்ற அமெரிக்க இசைக்காரர் காட்டில் ஒலிப்பதிவு செய்து சொன்னார். கெடாத காட்டில் பூச்சி ஒரு உயரத்தில், தவளை ஒரு உயரத்தில், பறவை இன்னொரு உயரத்தில் என்று ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இடம் பிரித்துக்கொண்டு கத்துகின்றன என்பது அவர் கருத்து. 1988-ல் கலிபோர்னியாவில் ஒரு புல்வெளிக் காட்டைப் பதிவு செய்தார். பிறகு அங்கே அங்கங்கே மரம் பார்த்து வெட்டினார்கள், காட்டுக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லி. அடுத்த வருடம் அதே நாளில் போனார். கண்ணுக்கு எந்த மாற்றமும் இல்லை. பதிவைப் போட்டுக் கேட்டால் பறவைச் சத்தத்தில் பெரும்பங்கு காணாமல் போயிருந்தது. போட்டோ பார்த்துக் காட்டை மதிப்பிடுகிறவர்களுக்கு இது ஒரு பாடம்.

மண்ணார்க்காட்டுக்கு மேலே சைரந்திரி வனத்துக்கு 'சைலன்ட் வேலி' என்று பெயர் வந்ததற்கு, அங்கே சில்வண்டுச் சத்தமே இல்லை என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். நான் போன இரண்டு தடவையும் சில்வண்டு காதைக் கிழித்தது. குந்திப்புழையில் அணை கட்டாமல் 1984-ல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மலையாளக் கவி சுகதகுமாரி உட்பட நிறையப் பேர் அதற்காகப் பாட்டெழுதிப் பாடிப் போராடினார்கள். காட்டைக் காப்பாற்றப் பாட்டு உதவிய கதை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

அதே மலைத்தொடரின் ஓடைகளில் நடனத் தவளைகள் இருக்கின்றன. 2014-ல் எஸ். டி. பிஜுவின் குழு ஒரே மூச்சில் 14 புது இனங்களை அறிவித்தது. பாறையில் தண்ணீர் விழுகிற இரைச்சலில் கத்தினால் மட்டும் போதாது. அதனால் ஆண் தவளை பாறை மேல் உட்கார்ந்து பின்னங்காலை நீட்டி, விரலை விரித்து ஆட்டுகிறது. சத்தம் எடுபடாத இடத்தில் அபிநயம். பக்கத்திலேயே சூளக்காக்கை என்று மலையாளத்தில் சொல்லும் பூங்குருவி இருக்கும். சூளம் என்றால் சீழ்க்கை. யாரோ பையன் வேலைவெட்டி இல்லாமல் விசிலடித்துக்கொண்டு போகிற மாதிரியே பாடும். அருவி இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கிற தெளிவான சீழ்க்கை. நாம் அங்கே நின்று ஒருவருக்கொருவர் கத்திப் பேசும்போது அது சாதாரணமாகப் பாடிவிட்டுப் போகும்.

அட்டப்பாடியில் மேற்கே 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, கிழக்கே வந்தால் 1000-கூட இல்லை. இருளர் ஊர்கள் பெரும்பாலும் அந்தக் காய்ந்த கிழக்கில். தவில், பொறை, கொகல் என்று ஊதுகுழல், ஜால்ரா, இவ்வளவுதான் வாத்தியம். விதைப்பு சமயத்தில் கம்பளம் என்று கொட்டி ஆடுவார்கள். இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு ஒரு சினிமாப் பாட்டுக்காக 2022-ல் தேசிய விருது அறிவித்தார்களே, அந்தப் பாட்டில் கிழக்கே சந்தனமரம் பூத்திருக்கிறது என்று வரும். பாட்டு நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். சந்தனம் அந்த மழைமறைவுக் காட்டு மரம், மேற்கின் ஈரக் காட்டில் அதைத் தேடவேண்டாம் என்பது எனக்குப் பாட்டைவிட ருசித்தது. பாடுகிறவருக்குக் காடு எந்தத் திசையில் எப்படி மாறுகிறது என்று தெரிந்திருக்கிறது. இருள மொழி நம் காதுக்குப் பாதி புரியும். புரியாத பாதியை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

இரைச்சலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்கிறோம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்கழிக் காற்றில் ஒரு பனைமரத்தடியில் நின்றால் அதன் அர்த்தம் உடம்புக்கே தெரியும். காய்ந்த மட்டையும் ஓலையும் சேர்ந்து, ஆள் வருவது போலவே இருக்கும். பிறந்ததிலிருந்து அதைக் கேட்ட நரி அதைக் கணக்கில் எடுக்காது. அதற்குள் ஒரு புதுச் சத்தம் வந்தால் மட்டும் காதைத் தூக்கும். பழகிய சத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்பது எல்லாப் பிராணிக்கும் உள்ள திறமை. ஆனால் கழிப்பதற்கும் ஒரு அளவு உண்டு. நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் வண்டிச் சத்தம் அதிகமான தெருக்களில் வாழும் சிட்டு போன்ற ஒரு பறவை, அமைதியான தெருவில் உள்ள தன் இனத்தைவிட உயர்ந்த சுருதியில் பாடுகிறது என்று 2003-ல் கண்டுபிடித்தார்கள். வண்டிச் சத்தம் தாழ்ந்த பகுதியை நிரப்பிவிடுவதால் பாவம், மேலே ஏறிப் பாடுகிறது. கிட்டப்பாவுக்குக் கொட்டகை செய்ததை அதற்கு லாரி செய்கிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம் வந்து ஏழு வருடம் ஆகிறது. குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 45 டெசிபல், பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. விதி அதன் பாட்டுக்கு இருக்கிறது. பழைய கூம்புக் குழாய் ரேடியோவையாவது ஜன்னலைச் சாத்தினால் பாதி தடுக்கலாம், அது உச்சத்தில் கத்துகிற ஜாதி. இப்போது வைக்கிற பெரிய பெட்டிகளின் தாழ்ந்த அதிர்வு சுவருக்குள் புகுந்து வரும். முகூர்த்த நாளில் என் மிருதங்கத்தின் தொப்பி யாரும் தொடாமலே முணுமுணுக்கும். எரிச்சல் ஒரு பக்கம், வகுப்பில் ஒத்ததிர்வு நடத்தும்போது நல்ல உதாரணம் கிடைத்ததே என்பது ஒரு பக்கம். மழைக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் குட்டையில் கத்துகிற தவளைகள் இசைக்குழு ஓயும்வரை வாயைத் திறப்பதில்லை. பதினொன்றரைக்கு மண்டபம் அடங்கியதும் ஒன்று மெல்ல ஆரம்பிக்கும், அப்புறம் மொத்தமும்.

கட்டுரைக்கு இவ்வளவும் வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் காதாலேயே பார்த்துவிட்டு எழுதுங்கள். என்னைக் கேட்டால் பெருவெம்பை எடுங்கள், கர்க்கடகத்தில் ஒரு தடவை, விருச்சிகத்தில் ஒரு தடவை, ஒரே வாத்தியத்தின் சுருதியைப் போனில் உள்ள ட்யூனரில் அளந்து. போகும்போது இருமுடி மாதிரி பெரிய பை எல்லாம் வேண்டாம், மழைக்கு ஒரு குடை போதும். அங்கே போனால் என் மிருதங்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சோறு எத்தனை பூச்சு ஆகியிருக்கிறது என்று வந்து சொன்னால் போதும்.